ஏரி நிரம்பியிருக்கு, தண்ணி எவ்வளவு இருக்கு?
தெளிப்பான் பேட்டரியை நாமே அளப்போம்

நெல்லை எடை போட்டு விற்கிறோம். பாலை லிட்டரில் அளந்து ஊத்துறோம். விதை வாங்கினா, நூறு விதையை ஈரச்சாக்கில் சுருட்டி வச்சு எத்தனை முளைச்சிருக்குன்னு எண்ணிப் பார்த்த பிறகுதான் நாற்றங்காலுக்குப் போறோம். ஆனால் முதுகில் சுமக்கிற தெளிப்பானுக்குள்ளே இருக்கிற பேட்டரியை மட்டும் நாம் அளப்பதே இல்லை. லேபிளில் என்ன அச்சடிச்சிருக்கோ அதுதான் கணக்கு.

இயற்கை வழியில் போகிற உழவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பஞ்சகவ்யாவோ, மீன் அமிலமோ, இஞ்சி பூண்டுக் கரைசலோ, வேப்பங்கொட்டைக் கரைசலோ, நம்முடைய தெளிப்பு எல்லாம் அடிக்கடி செய்ய வேண்டியவை. வெயில் ஏறுவதற்கு முன்னாடி ரெண்டு மணி நேரம், வெயில் தாழ்ந்த பிறகு ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிற பொழுது. அரை ஏக்கர் கத்திரிக்கு மூலிகைப் பூச்சிவிரட்டி அடித்து முடிக்கும்போது மோட்டார் சத்தம் இறங்கி, நாசிலில் தண்ணி சொட்டுச் சொட்டா விழ ஆரம்பிச்சா என்ன ஆகும்? அடிக்காத மீதி அரை ஏக்கர் பூச்சிக்குப் புகலிடம் ஆகும். ஊறவச்சுக் கரைச்ச கரைசலும் அடுத்த நாளைக்கு வீரியம் குறையும். “இயற்கை மருந்து கேட்கலை” என்று பழி கரைசல் மேல் விழும். உண்மையில் கேட்காமல் போனது பேட்டரியாக இருக்கலாம்.

பேட்டரியின் கொள்ளளவை, அதாவது கெபாசிட்டியை, வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியும். அதற்கு ஒரு வண்டி பல்பு, ஒரு மல்டிமீட்டர், ஒரு கடிகாரம் போதும்.

மட்டம் வேற, கொள்ளளவு வேற

பலபேர் மல்டிமீட்டரை வச்சு வோல்ட் பார்த்துட்டு, “12.8 காட்டுது, பேட்டரி நல்லா இருக்கு” என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அரக்கோணம் பக்கத்து உழவருக்கு இதைப் புரிய வைக்க ஏரியைச் சொன்னால் போதும்.

நம்ம காவேரிப்பாக்கம் ஏரியை எடுத்துக்குங்க. பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணி வந்து ஏரி நிரம்புகிறது. கலங்கல் வழியுது என்றால் ஏரி நிறைஞ்சிருக்கு என்று அர்த்தம். ஆனால் எத்தனை ஏக்கருக்குப் பாயும் என்பதைக் கலங்கல் சொல்லாது. தூர் எடுத்த ஏரியும் வழியும், பாதி தூர்ந்துபோன ஏரியும் வழியும். மட்டம் ரெண்டிலும் ஒன்றுதான். மதகைத் திறந்து விட்டால்தான் எது பத்து நாள் பாயுது, எது நாலு நாளில் காயுது என்று தெரியும்.

பேட்டரியில் வோல்ட் என்பது மட்டம். சார்ஜ் எடுத்து சில மணி நேரம் சும்மா வைத்த ஈய அமில பேட்டரியில் 12.7 முதல் 12.9 வரை இருந்தால் அது நிறைஞ்சிருக்கு. 12.2 பக்கம் இருந்தால் பாதி. 11.8-க்குக் கீழே போனால் காலி. ஆனால் மூணு வருஷம் உழைச்ச பேட்டரியும் நிறைஞ்ச நிலையில் இதே 12.8-ஐக் காட்டும். உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து, செயல்படுகிற பரப்பு குறைந்து, ஏரி தூர்ந்த கதையாக இருக்கும். அது எவ்வளவு தூர்ந்திருக்கு என்று பார்க்க மதகைத் திறந்துதான் ஆகணும். அதாவது ஒரு சுமையைக் கொடுத்து, எவ்வளவு நேரம் தாங்குது என்று பார்க்கணும்.

இது புதுசு இல்லை. அரக்கோணம் ஜங்ஷனில் நிற்கிற பழைய மாடல் ரயில் பெட்டிகளுக்கு அடியில் பெரிய பேட்டரிப் பெட்டிகளைப் பார்த்திருப்பீங்க. வண்டி ஓடும்போது அச்சோடு சேர்ந்து சுற்றுகிற ஆல்டர்னேட்டர் அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றும். வண்டி நின்றுவிட்டால் விளக்கும் விசிறியும் பேட்டரியில்தான் ஓடும். அந்தப் பேட்டரிகளைப் பராமரிக்கிறவர்கள் வோல்ட்டை மட்டும் பார்த்து விட்டுவிடுவதில்லை. முழுசாக சார்ஜ் ஏற்றி, சுமை கொடுத்து இறக்கி, மணிக்கணக்கு பார்த்துத்தான் கொள்ளளவைச் சொல்வார்கள். அதே வேலையைத்தான் நாம் சின்ன அளவில் செய்யப் போகிறோம்.

லேபிளை எப்படிப் படிப்பது?

கைத்தெளிப்பான்களில் பெரும்பாலும் வருவது 12 வோல்ட், 8 ஏ.எச். ஈய அமில பேட்டரி. ஏ.எச். என்றால் ஆம்பியர் மணி. ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர் மணி. வாய்க்காலில் ஓடுகிற தண்ணியின் வேகம் ஆம்பியர் என்றால், ஏரியில் இருக்கிற மொத்தத் தண்ணி ஆம்பியர் மணி. சில பேட்டரிகளில் “12 ஏ” என்று மட்டும் பெரிசாகப் போட்டிருப்பார்கள். ‘எச்’ இல்லாத அந்த எண் கொள்ளளவைச் சொல்வதில்லை. அதைப் பார்த்து ஏமாறக்கூடாது.

அடுத்து, 8 ஏ.எச். என்று போட்டிருந்தால் அது எந்த வேகத்தில் என்று கேட்கணும். சின்ன ஈய அமில பேட்டரிகளை 20 மணி நேரக் கணக்கில்தான் அளப்பது வழக்கம். லேபிளில் அல்லது விவரத் தாளில் ‘சி20’ என்று இருக்கும். 8 ஏ.எச். பேட்டரி என்றால் 0.4 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும் என்று பொருள். நம்ம தெளிப்பான் மோட்டார் அப்படி மெதுவா இழுக்காது. ரெண்டு ஆம்பியர், அதுக்கு மேலேயும் இழுக்கும். வேகமாக இழுத்தால் ஈய அமில பேட்டரி மொத்தத்தில் குறைவாகத்தான் கொடுக்கும். இந்த விதியை ஜெர்மனியைச் சேர்ந்த பாய்க்கெர்ட் என்ற அறிஞர் 1897-லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். அதனால் புத்தம் புது 8 ஏ.எச். பேட்டரி தெளிப்பான் வேலையில் 6 முதல் 6.5 வரை கொடுத்தால் அது நல்ல பேட்டரி. கடைக்காரர் ஏமாத்திட்டார் என்று நினைக்க வேண்டாம்.

வீட்டு இன்வெர்ட்டர், சோலார் பேட்டரி வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்கணும். 150 ஏ.எச். ‘சி20’ பேட்டரியும், 150 ஏ.எச். ‘சி10’ பேட்டரியும் ஒன்று இல்லை. 150-ஐயும் பத்தே மணி நேரத்தில் கொடுக்கிற இரண்டாவதுதான் கொள்ளளவு கூடியது.

வாங்கும் இடத்திலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அது தராசு. ஈய அமில பேட்டரியில் கொள்ளளவு என்பது உள்ளே இருக்கிற ஈயம்தான். 12 வோல்ட், 7 அல்லது 8 ஏ.எச். பேட்டரி ரெண்டு கிலோவுக்கு மேல், ரெண்டரை கிலோ வரை எடை இருக்கும். நீளம் 15 சென்டிமீட்டர், அகலம் ஆறரை, உயரம் ஒன்பதரை என்பது இதன் வழக்கமான அளவு. உண்மையான 12 ஏ.எச். பேட்டரி மூன்றரை, நாலு கிலோ வரும், அகலமும் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் இருக்கும். சின்னப் பெட்டியில், ரெண்டு கிலோ கூட இல்லாமல், “12 ஏ.எச்.” என்று லேபிள் ஒட்டியிருந்தால் அந்த லேபிளை நம்பாதீங்க. தேங்காயைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்குகிற மாதிரி இதையும் தூக்கிப் பார்த்து வாங்கணும்.

ஒரு பல்பு, ஒரு மீட்டர், ஒரு கடிகாரம்

இனி சோதனைக்கு வருவோம். தேவையானவை: காரின் பிரேக் லைட்டுக்குப் போடுகிற 12 வோல்ட் 21 வாட் பல்பு, அதற்கான ஹோல்டர், ரெண்டு துண்டு ஒயர், சாதாரண மல்டிமீட்டர்.

1. பேட்டரியை முழுசாக சார்ஜ் போடுங்க. பச்சை விளக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் விட்டு எடுங்க. பிறகு ரெண்டு மூணு மணி நேரம் சும்மா வச்சு, வோல்ட் பார்த்துக் குறிச்சுக்குங்க. தெளிப்பானுக்கு வாரண்டி இருந்தால், அடிப்பாகத்தைத் திறப்பதற்கு முன்னாடி கடையில் கேட்டுக்கொள்வது நல்லது.

2. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரி, மீட்டர், பல்பு மூணும் வரிசையில் வரும்படி இணைத்துப் பாருங்க. 21-ஐ 12-ஆல் வகுத்தால் 1.75. ஏறக்குறைய அந்த அளவு ஆம்பியர் காட்டும். மீட்டரில் என்ன வருதோ அதை எழுதுங்க. கவனம்: ஆம்பியர் துளையில் ஒயர் இருக்கும்போது மீட்டரை நேராக பேட்டரியின் ரெண்டு முனையிலும் வைக்கக்கூடாது. அது ஷார்ட் சர்க்யூட். மீட்டரும் போகும், கையும் சுடும்.

3. மீட்டரை மறுபடி வோல்ட்டுக்கு மாற்றி, பல்பை நேராக பேட்டரியில் இணைத்து, மணியைக் குறித்துக்கொள்ளுங்க. பல்பு நல்லா சுடும். வைக்கோல், சாக்கு பக்கத்தில் வேண்டாம். ஒரு பழைய மண்சட்டிக்குள் வைத்துவிடுங்க.

4. அரை மணிக்கு ஒருமுறை வோல்ட் எழுதுங்க. 11.5-க்கு வந்த பிறகு பக்கத்திலேயே இருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை பாருங்க. கடைசியில் ஏரி அடிமண் தெரிகிற மாதிரி சட்டுன்னு இறங்கும்.

5. பல்பு எரியும்போதே 10.5 காட்டினால் உடனே கழற்றிவிடுங்க. மணியைக் குறிங்க. அன்றைக்கே மறுபடி சார்ஜ் போட்டுடுங்க. காலி பேட்டரியை அப்படியே விட்டால் சல்பேட் இறுகிவிடும்.

கணக்கு சுலபம். காலை 6.30-க்கு ஆரம்பிச்சு 10 மணிக்கு முடிந்தது என்றால் மூன்றரை மணி நேரம். 3.5 × 1.75 = கிட்டத்தட்ட 6.1 ஆம்பியர் மணி. இதுதான் உங்க பேட்டரியின் உண்மையான கொள்ளளவு. வோல்ட் இறங்க இறங்க ஆம்பியரும் கொஞ்சம் குறையும். துல்லியமாக வேண்டும் என்றால் ஆரம்பம், நடு, கடைசி மூணு இடத்தில் ஆம்பியர் அளந்து சராசரி எடுங்க.

இந்தச் சோதனையை அடிக்கடி செய்ய வேண்டாம். முழுசாக இறக்குவது பேட்டரிக்குக் கொஞ்சம் பாரம்தான். வாங்கினதும் ஒருமுறை, பிறகு பட்டத்துக்கு ஒருமுறை போதும். தேதியையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி பேட்டரி மேலேயே ஒட்டிவிடுங்க.

பேட்டரியைக் கழற்ற விருப்பம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. டேங்கில் வெறும் தண்ணியை நிரப்பி, நாசிலை டேங்குக்குள்ளேயே திருப்பி வச்சு ஓட விடுங்க. தண்ணி சுத்திச் சுத்தி வரும். மோட்டார் எத்தனை நிமிஷம் நல்ல அழுத்தத்தோடு ஓடுது என்று பார்த்து எழுதி வையுங்க. சத்தம் இறங்கினதும் நிறுத்திவிடணும். புதுசில் எடுத்த நிமிஷக் கணக்கோடு அடுத்த வருஷக் கணக்கை ஒப்பிட்டால், எவ்வளவு தேய்ந்திருக்கு என்று தெரிந்துவிடும்.

எத்தனை டேங்கு ஓடும்?

எண் கையில் வந்த பிறகு அதைக் கழனிக்குக் கொண்டு போகணும். உங்க தெளிப்பான் மோட்டார் 2 ஆம்பியர் இழுக்குது, 16 லிட்டர் டேங்கு அடிக்க 12 நிமிஷம் ஆகுது என்று வைத்துக்கொள்வோம். 12 நிமிஷம் என்பது ஒரு மணியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக ஒரு டேங்குக்கு 0.4 ஆம்பியர் மணி.

பேட்டரியை அடிமட்டம் வரை இறக்காமல் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைப்பது நல்ல பழக்கம். 6 ஏ.எச். கொள்ளளவில் 4.8-ஐச் செலவு செய்யலாம். 4.8-ஐ 0.4-ஆல் வகுத்தால் 12 டேங்கு. 192 லிட்டர். ஏக்கருக்கு 200 லிட்டர் கணக்கில் அடிப்பவர்களுக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் முடிந்துவிடும்.

அதே பேட்டரி தேய்ந்து 3 ஏ.எச். ஆகிவிட்டால் 6 டேங்குதான். அரை ஏக்கர். மல்லாட்டைக்கோ நெல்லுக்கோ தெளிக்கப் போவதற்கு முன்னாடியே இது தெரிந்தால், ஒரு ஏக்கரை ரெண்டு பொழுதாகப் பிரித்துக்கொள்ளலாம், கரைசலையும் அதற்கேற்ற மாதிரி பாதி பாதியாகக் கலந்துகொள்ளலாம். ஆறு டேங்குக்கு மூணு சதவீத பஞ்சகவ்யா என்றால் மூணு லிட்டர் கூட வேண்டாம். மிச்சம் டிரம்மிலேயே பத்திரமாக இருக்கும்.

இங்கே நம்ம கரைசலுக்கும் ஒரு பங்கு உண்டு. பஞ்சகவ்யாவையும் மூலிகைக் கரைசலையும் சரியாக வடிகட்டாமல் ஊத்தினால் நாசில் அடைக்கும். 12 நிமிஷத்தில் முடிய வேண்டிய டேங்கு 18 நிமிஷம் இழுக்கும். அந்த நேரம் முழுக்க மோட்டார் பேட்டரியைத் தின்னும். பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்னாடி துணியை ரெண்டு மடிப்பாகப் போட்டு வடிகட்டிப் பாருங்க. ஃபில்டரையும் நாசிலையும் கழற்றிக் கழுவுங்க.

லித்தியம், டார்ச், பவர் பேங்க்

இப்போது லித்தியம் பேட்டரி வைத்த தெளிப்பான்களும் வருகின்றன. எடை குறைவு. வேகமாக இழுத்தாலும் கொள்ளளவு அவ்வளவாகக் குறையாது. அளக்கும் முறை அதேதான். ஆனால் எந்த வோல்ட்டில் நிறுத்தணும் என்பது வகைக்கு வகை மாறும். அதை உள்ளே இருக்கிற பாதுகாப்புச் சர்க்யூட் பார்த்துக்கொண்டு தானாகவே நிறுத்திவிடும். லித்தியம் கட்டைப் பிரிக்காதீங்க, குத்தாதீங்க. தீப்பிடிக்கும்.

ராத்திரி மும்முனை மின்சாரம் வரும்போது தண்ணி கட்டப் போகிறவர்களின் டார்ச்சில் கட்டைவிரல் அளவு செல் இருக்கும். 18650 என்று பெயர். நல்ல நிறுவனங்களின் செல்லே சுமார் 3,500 மில்லி ஆம்பியர் மணி, அதாவது 3.5 ஏ.எச்.தான் கொடுக்கும். “9900” என்று போட்டு சந்தையில் விற்பதெல்லாம் லேபிளில் மட்டும்தான். நல்ல செல் 45 கிராம் பக்கம் இருக்கும். அதைவிட ரொம்ப லேசாக இருந்தால் சந்தேகப்படுங்க.

பவர் பேங்கில் 20,000 என்று போட்டிருப்பது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. போனுக்கு 5 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும்போது 14,800 ஆகும். மாற்றும்போது ஆகிற இழப்பும் போக 12,000, 13,000 கிடைத்தால் அது நேர்மையான பவர் பேங்க்.

ஆயுசைக் கூட்டுவது எப்படி?

நம்ம பக்கத்து வெயிலைச் சொல்லத் தேவையில்லை. பேட்டரிக்குச் சூடுதான் முதல் எதிரி. ஏறக்குறைய பத்து டிகிரி சூடு கூடினால் ஈய அமில பேட்டரியின் ஆயுசு பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. தகரக் கொட்டகையில் மாட்டி வைக்காமல், காற்றோட்டமான நிழலில் வையுங்க. வேலை முடிந்த அன்றைக்கே சார்ஜ் போடுங்க. தெளிப்பு இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்க. உழைத்து வீணாகிற பேட்டரியைவிட, காலியாகக் கிடந்து வீணாகிற பேட்டரிதான் அதிகம்.

அளந்து பார்த்ததில் பாதிக்கும் கீழே வந்துவிட்டால் அது தெளிப்பு வேலைக்கு ஆகாது. ஆனால் 3 வாட் எல்.இ.டி. விளக்கு கால் ஆம்பியர்தான் இழுக்கும். 3 ஏ.எச். மிச்சம் இருந்தால் மாட்டுக்கொட்டகையில் ராத்திரிக்குப் பத்து மணி நேரம் விளக்கு எரியும். அளந்தவருக்குத்தான் இது தெரியும். அளக்காதவர் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவார்.

செத்த பேட்டரி கழனி ஓரத்தில் கிடக்கக்கூடாது

ஈய அமில பேட்டரியில் எடையில் பாதிக்கு மேல் ஈயம், கூடவே கந்தக அமிலம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மண்ணில் கலந்த ஈயம் மக்காது, மறையாது.

இதை நம்ம பகுதிக்காரருக்குப் புதுசாகச் சொல்லத் தேவையில்லை. தோல் ஷாப்புகளின் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை உழவர்கள் கிணற்றுத் தண்ணியில் பார்த்தார்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிப்போன ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கான ஈட்டைக் கட்ட வேண்டும் என்பதை நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. நாடு முழுக்கப் பேசப்படுகிற அந்தத் தீர்ப்பு, நம்ம ஆற்றுக்காகப் போட்ட வழக்கில் வந்தது.

அதே நெறிமுறையில்தான் 2022-ல் மத்திய அரசு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. விற்ற பேட்டரிகளைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது. அதனால் பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்குங்க. பழசுக்கு என்ன விலை என்று கேளுங்க, ஈயத்துக்கு மதிப்பு உண்டு. வீட்டுப் பின்புறத்தில் அடுப்பு மூட்டி ஈயம் உருக்குகிறவர்களிடம் கொடுக்க வேண்டாம். அந்தப் புகையும் அமிலமும் யாரோ ஒரு உழவரின் மண்ணில்தான் இறங்கும்.

ரசாயனம் தொடாத கழனி என்று பெருமைப்படுகிற நாம், வரப்போரத்தில் ஒரு வெடித்த பேட்டரியைக் கிடக்க விடலாமா? ஒரு பேட்டரியை அளந்து, பராமரித்து, ஒரு வருஷம் கூடுதலாக ஓட்டினால் அந்த அளவுக்கு ஈயம் குறைவாக உருகுது. நம்ம காசும் மிச்சம்.

ஒவ்வொருவரும் தனித்தனியாக மீட்டர் வாங்கணும் என்பதில்லை. குழுவுக்கு ஒரு மீட்டர், ஒரு 21 வாட் பல்பு, ஒரு தராசு போதும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது சார்ஜ் ஏற்றிய தெளிப்பானோடு வாங்க. காலையில் பல்பைப் பொருத்திவிட்டு கூட்டத்தை ஆரம்பித்தால், பேச்சு முடிவதற்குள் எந்தப் பேட்டரி எத்தனை டேங்கு ஓடும் என்று எழுதி ஒட்டிவிடலாம்.